ஓவர்டிரைவ் விழாத வண்டியில் ஒரு மலைப்பயணம்

டென்வரில் குடியிருப்பவர்களுக்கு மலை என்பது சமையலறை ஜன்னலில் தெரிகிற சமாச்சாரம். ஊரே கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, அதாவது சரியாக ஒரு மைல். இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் ஒரு தடவையாவது ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே கூட்டிக்கொண்டு போய்ப் பனிச் சிகரத்தைக் காட்டிவிடுவோம். போன அக்டோபரில் அப்பாவின் முறை.

அப்பா நாமக்கல்காரர். 28 வருஷம் லாரி ஓட்டியவர். இங்கே வந்து இரண்டு மாசமாக அவருக்கு ஓட்ட ஒன்றும் இல்லை. முன் சீட்டில் கைகட்டி உட்கார்ந்து, எதிரே வருகிற பதினெட்டுச் சக்கர லாரிகளை எண்ணிக்கொண்டு வருவார். அவர் ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போதுதான் என் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது.

வண்டி 2003 மாடல் எஸ்.யூ.வி. நாலு கியர் ஆட்டோமேட்டிக். அந்த நாலாவது கியருக்குத்தான் ஓவர்டிரைவ் என்று பெயர். மூன்றாவதில் இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால், கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகிற தண்டும் ஒரு சுற்று. நாலாவதில் இன்ஜின் ஏறக்குறைய 0.7 சுற்று சுற்றினாலே தண்டு முழுச் சுற்று சுற்றிவிடும். நெடுஞ்சாலையில் சத்தம் குறைவதும் பெட்ரோல் மிச்சமாவதும் இதனால்தான். வழக்கமாக 65 மைல் வேகத்தில் 2,100 காட்டுகிற ஆர்.பி.எம். முள், இப்போது 3,000-இல் நின்றது. சில நாள் கால் மணி நேரம் கழித்து ஓவர்டிரைவ் விழும். சில நாள் விழவே விழாது.

பட்டறையில் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "பழைய வண்டி, கியர்பாக்ஸையே மாத்திடுங்க, 3,800 டாலர் ஆகும்" என்றார்கள். வண்டியை விற்றாலே அவ்வளவுதான் தேறும். "பேசாம வாடகைக்கு ஒரு வண்டி எடுத்துக்கலாம். மாமாவை வெச்சிக்கிட்டு மலையில நிக்க முடியாது" என்றாள் மனைவி. அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் சாஃப்ட்வேர்க்காரனின் பிடிவாதம் விடுமா? காரணம் தெரியாமல் ஒன்றை மாற்றினால், மாற்றிய பிறகும் காரணம் தெரியாது.

முதலில் கியர் கம்பியில் இருக்கும் ஓவர்டிரைவ் ஆஃப் பட்டனைப் பார்த்தேன். பிள்ளைகள் அமுக்கியிருக்கலாம். இல்லை. அதன் விளக்கு எரியவும் இல்லை, மின்னவும் இல்லை. சில வண்டிகளில் அந்த விளக்கு மின்னினால், கம்ப்யூட்டர் ஏதோ கோளாறைப் பதிந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு, சமதளத்தில் இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்து கியர் ஆயிலைப் பார்த்தேன். அளவு சரி. நிறம் சிவப்பு. கருகிய வாசனை இல்லை. ஓவர்டிரைவ் விழுந்த ஒரு நாள் 50 மைலில் போகும்போது, வேகம் குறையாத அளவுக்கு பிரேக்கை லேசாகத் தொட்டேன். ஆர்.பி.எம். சில நூறு ஏறி மறுபடி இறங்கியது. டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் வேலை செய்கிறது என்று அர்த்தம். லாக்கப் கோளாறையும் ஓவர்டிரைவ் கோளாறு என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய.

கியர் வழுக்கவில்லை, ஆயில் கருகவில்லை. மூன்றாவது கியரிலேயே போனால் பெட்ரோல்தான் கூடச் செலவாகும். துணிந்து சனிக்கிழமை காலை கிளம்பிவிட்டோம்.

கிளம்பிய பத்தாவது நிமிஷம் அப்பா சொன்னார், "ஹீட்டர்ல சூடே வரலையே சாமி."

"உங்களுக்குக் குளிர் பழகலைங்கப்பா" என்று சொல்லிவிட்டு, பின்னாலிருந்து சால்வையை வாங்கிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் போர்த்திக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஐடஹோ ஸ்பிரிங்ஸ், ஜார்ஜ்டவுன், சில்வர் ப்ளூம் என்று பழைய சுரங்க ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆஸ்பென் இலைகள் பாதி உதிர்ந்து, மீதி மஞ்சளாக நின்றன. கடைசி ஏற்றம் ஏறினால் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை. கிழக்கு வாசல் 11,013 அடி, மேற்கு வாசல் 11,158 அடி. நாங்கள் போன பக்கம் 1973-இல் திறந்தது, திரும்பி வருகிற பக்கம் 1979-இல். அமெரிக்காவின் நீர்ப்பிரிமுகட்டை மலைக்கு அடியில் புகுந்து கடக்கிற பாதை இது. கிழக்கே விழுகிற மழை அட்லாண்டிக் பக்கம் போகும், மேற்கே விழுவது பசிபிக் பக்கம். அபாயகரமான சரக்கு ஏற்றிய லாரிகளைப் பொதுவாகச் சுரங்கத்தில் விடுவதில்லை, அவை 11,990 அடி லவ்லாண்ட் கணவாயைச் சுற்றித்தான் போக வேண்டும். அதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேற்கு வாசலைத் தாண்டினால் சில்வர்தார்ன் வரைக்கும் ஒரே இறக்கம், சுமார் 2,000 அடி. நான் ஓவர்டிரைவ் ஆஃப் பட்டனை அமுக்கி, இரண்டாவது கியருக்கு இறக்கினேன். "ஏறின கியர்லயே இறங்கணும். இங்கயும் அதே கணக்குதானா?" என்று சிரித்தார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் லாரி ஓட்டியவர் அவர். வழியில் பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்க, மேல்நோக்கிப் போட்ட சரளைக்கல் பாதை ஒன்று வந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டில்லன் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். அதற்கு முன்னே சமதளத்தில் பட்டனை விட்டுப் பார்த்திருந்தேன், ஓவர்டிரைவ் விழவில்லை. பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் ஓடினார்கள். நான் மறுபடியும் கையேட்டைப் புரட்டினேன். அப்பா காற்று வருகிற துளையில் கையை வைத்தபடியே இருந்தார்.

"மேடு ஏறும்போது நல்லா சூடா வந்துது. இறக்கத்துல ஆறிப்போச்சு. இன்ஜின்ல சூடு நிக்கல, கண்ணு."

அப்போதுதான் உறைத்தது. இன்ஜின் போதிய சூடு ஏறாமல் ஓவர்டிரைவை விடாதே என்று பல வண்டிகளின் கம்ப்யூட்டரில் ஒரு விதி உண்டு. எத்தனை டிகிரி என்பது வண்டிக்கு வண்டி மாறும். கியர்பாக்ஸ் கெட்டுப்போகவில்லை, அதற்குச் சொன்னதை அது ஒழுங்காகச் செய்கிறது! 1996-லிருந்து இங்கே விற்கிற எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி-2 சாக்கெட் இருக்கும். இரண்டு வருஷமாக டேஷ்போர்டு பெட்டியில் தூங்கிய 20 டாலர் ஸ்கேனரை எடுத்துச் செருகினேன். கூலன்ட் 118 டிகிரி பாரன்ஹீட். 190-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். பி0128 என்ற குறியீடும் காத்திருப்பில் இருந்தது. கூலன்ட் போதுமான சூட்டை எட்டவில்லை என்பது அதன் பொருள்.

"தெர்மோஸ்டாட் தொறந்தே நின்னுபோச்சு போல" என்றேன்.

"நம்ம ஊரு வெயிலுக்கு அதைக் கழட்டி வீசிருவோம். கழட்டின வண்டி மார்கழி விடியக்காலைல இப்படித்தான், சூடே புடிக்காது" என்றவர், பிள்ளைகளின் தின்பண்டம் இருந்த அட்டைப்பெட்டியைக் காலி பண்ணச் சொன்னார். அதைப் பிரித்து, ரேடியேட்டரின் பாதியை மறைத்து, கயிற்றால் கட்டினார். ஃபேன் பக்கம் அட்டை போகாதபடி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ஃப்ரிஸ்கோ பக்கம் மெதுவாக ஓட்டினேன். ஸ்கேனரில் 150, 160, 170. முள் சட்டென்று இறங்கியது. ஓவர்டிரைவ் விழுந்துவிட்டது.

"விழுந்துருச்சா?" என்று கேட்டார். சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும், இருந்தும் கேட்டார்.

திரும்பும்போது, ஏற்றத்துக்கு முன்னாலேயே அட்டையைக் கழற்றச் சொன்னார். ஏற்றத்தில் இன்ஜின் கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் 24 டாலர், கூலன்ட் தனி. ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு நானே மாற்றினேன். அவர் டார்ச் பிடித்தார். பிறகு டார்ச் என் கைக்கு வந்தது, ஸ்பேனர் அவர் கைக்குப் போனது. திங்கட்கிழமை ஆபீஸ் போகும்போது ஏழாவது நிமிஷத்தில் ஓவர்டிரைவ் விழுந்தது.

பட்டறைக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். கியர் விழவில்லை என்று மட்டும்தான் அவர்களிடம் சொன்னேன், அவர்களும் கியரை மட்டும் பார்த்தார்கள். ஹீட்டரில் சூடு வரவில்லை என்று சொன்னவருக்கு நான் சால்வையைக் கொடுத்துவிட்டேன். உங்கள் பழைய வண்டியில் ஓவர்டிரைவ் விழாவிட்டால், பட்டறைக்குப் போவதற்கு முன் சூடு காட்டும் முள்ளையும் ஹீட்டரையும் ஒரு தடவை பாருங்கள். கருகிய வாசனை வந்தாலோ, கியர் வழுக்கினாலோ மட்டும் என்னைப்போல மலை ஏறாதீர்கள்.

அப்பா ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்கிறார், "வண்டில சூடு வருதா சாமி?"

"வருதுங்கப்பா."