வயிற்றில் ஒரு கம்பி

விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிறு விமானத் தளம். ஒரே ஓடுபாதை, அதன் ஓரமாகத் தகரக் கொட்டகைகள், நடுவில் காபி கிடைக்கும் ஒரு கிளப் அறை. டவர் கிடையாது. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டிலுள்ள விமானத் தளங்கள் சுமார் 5,000. டவர் உள்ளவை 500 சொச்சம்தான். மற்ற இடங்களில் ஏறு, இறங்கு என்று உத்தரவு போட ஆளில்லை. அவரவர் தாம் எங்கே, எந்த உயரத்தில் வருகிறோம் என்பதைப் பொது அலைவரிசையில் சொல்ல வேண்டும். மற்றவர் சொல்வதைக் கேட்டு ஒதுங்க வேண்டும். அத்தனை உயிரும் ஒருவர் காதை ஒருவர் நம்பித்தான் பறக்கிறது.

நான்காவது கொட்டகையில் ஒரு ஆர்.வி.-6 நின்றது. இருவர் அருகருகே உட்காரும் அலுமினிய விமானம். ஓரிகன் மாநிலத்து வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்திடம் பாகங்களை வாங்கி, வீட்டு கராஜிலேயே கட்டிக்கொள்கிற ரகம். இதைக் கட்டியவர் எழுபதை நெருங்கிய மனிதர். ஆயிரக்கணக்கான ரிவிட்டுகளும் அவர் கையால் அடித்தவை. வெள்ளை உடம்பு, நீலக் கோடு. குனிந்தால் பெயின்டில் முகம் தெரிகிறது. விமானத்தைச் சுற்றி வரும்போதெல்லாம் அவருடைய ஒரு கை அதன் மேல் இருந்தது.

வாசலோரம் கவிழ்த்துக் கிடந்த பெட்டியில் உட்கார்ந்துகொண்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவருடைய குறை இதுதான். தளத்தை விட்டு விலகிப் போகும்போது கிளப் அறையில் அவர் குரல் நன்றாகக் கேட்கிறது. திரும்பி, மூக்கைத் தளத்தின் பக்கம் வைத்ததும் பாதிச் சொல் விழுந்துவிடுகிறது. அதே நேரத்தில் மற்றவர் பேச்சும் அவருக்கு இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. போன வாரம் இறங்க வந்த சுற்றில் இன்னொரு விமானமும் கூடவே இருந்திருக்கிறது. அது திரும்பத் திரும்ப இடம் சொன்னது இவருக்குக் கேட்கவில்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டதால் விலகினார். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. பெஞ்சின் மேல் புது ரேடியோவின் விலைப்பட்டியல் கிடந்தது. ஒரு மாடலைச் சுற்றிப் பேனாவால் வட்டம்.

ரேடியோ மெக்கானிக் முப்பது வயதுப் பெண். பட்டியலை எடுத்துப் பார்த்தார், அப்படியே வைத்தார். "பேசுவதும் கேட்பதும் ஒரே திசையில் சேர்ந்து கெடுகிறதா?" என்றார். பெரியவர் ஆமென்றார். "அப்படியானால் ரேடியோவைத் தொட வேண்டாம்." அவ்வளவுதான். எனக்கு அந்த இரண்டு வரியே போதுமாக இருந்தது. கருவிப் பலகையில் பதிந்திருக்கும் ரேடியோவுக்கு வடக்கு தெற்கு தெரியாது. திசையைப் பொறுத்துக் குறை வருகிறதென்றால் அதை வெளியே, அலை உடம்பில் வந்து படுகிற இடத்தில்தான் தேட வேண்டும்.

ஆனாலும் மெக்கானிக் முறைப்படிதான் போனார். விமானத்தை வெளியே தள்ளினார்கள். தகரக் கொட்டகைக்குள் எந்த அளவும் சரியாக வராது. மெயின் சுவிட்சைப் போட்டு, இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச்சைத் திறந்துவிட்டார். சீரான ஒரு இரைச்சல். ஸ்ட்ரோப் விளக்கைப் போட்டார், மாற்றமில்லை. இறங்கும்போது எரியும் எல்.இ.டி. விளக்கைப் போட்டதும் இரைச்சல் தடித்தது. செல்போன் சார்ஜரைச் செருகியதும் இன்னும் தடித்தது. இந்த இரண்டுக்குள்ளும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சிறு சர்க்யூட் இருக்கிறது. மலிவாகச் செய்திருந்தால் அதன் சிதறல் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள விமானப் பேச்சு அலைவரிசைக்குள் வந்து விழும். பேச்சு அங்கே ஏ.எம். முறையில் நடப்பதால் இந்தச் சிதறல் நேராகக் காதுக்கு வந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். பெரியவர் அதை எடுத்துக் காரில் பயன்படுத்தலாமே என்று பார்த்தது தெரிந்தது, கேட்கவில்லை. விளக்குக்கு ஃபில்டர் போட வேண்டும் என்று மெக்கானிக் ஒரு தாளில் குறித்தார்.

அடுத்து, பலகைக்குப் பின்னால் கைவிட்டு ஆண்டெனா கேபிளைக் கழற்றி, கையடக்க ரேடியோ ஒன்றில் மாட்டினார். விமானத்தின் ரேடியோ போலவே அதுவும் திணறியது. அதோடு ரேடியோ மேலிருந்த பழி தீர்ந்தது. பிறகு நடுவில், சக்தி திரும்பி வருவதை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைக் கோத்து, வேறு யாரும் பேசவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு கணம் பட்டனை அழுத்தினார். ஊசி 5 வரை போய் நின்றது. அனுப்பிய சக்தியில் 40 சதவீதத்துக்கு மேல் ஆண்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்று அர்த்தம். பல ரேடியோக்கள் இப்படித் திரும்பி வருவதைக் கண்டதும் தம்மைக் காத்துக்கொள்ளச் சக்தியை மேலும் குறைத்துவிடும்.

இப்போது இருவரும் தரையில் மல்லாந்து படுத்தார்கள். விமானத்தின் வயிற்றில், சக்கரக் கால்களுக்குச் சற்றுப் பின்னால், பின்பக்கம் வளைந்த கம்பி ஒன்று. இந்த அலைவரிசையில் ஒரு முழு அலையின் நீளம் இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் கால் பங்கு சுமார் 60 சென்டிமீட்டர். அதுதான் கம்பியின் நீளக் கணக்கு. ஆனால் கம்பி பாதி ஆண்டெனாதான். மறு பாதி, அது நிற்கும் அலுமினியத் தகடு. கம்பியில் ஓடும் மின்னோட்டத்துக்கு ஈடாகத் தகட்டிலும் ஓட வேண்டும். அதற்குக் கம்பியின் அடித்தட்டு தகட்டோடு உலோகத்துக்கு உலோகம் தொட வேண்டும். கடையில் வாங்கிய கம்பியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற மனிதர்கள், தாங்களே அடித்த தகட்டை ஆண்டெனாவாக நினைப்பதே இல்லை. சிறு விமானக்காரர்களின் துன்பத்தில் பெரும் பங்கு இங்கிருந்து வருவதாகவே எனக்குப் படுகிறது.

மெக்கானிக் திருப்புளியால் நான்கு ஸ்க்ரூக்களையும் எடுத்தார். அடித்தட்டு பிடிவாதமாக ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றை நுழைத்து நெம்பினார். கீழே ஒரு ரப்பர் ஷீட். அதற்கு மேலே, பெரியவர் அவ்வளவு அழகாக அடித்த வெள்ளை பெயின்ட், ஒரு கீறல் இல்லாமல். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி மட்டும் விபூதி மாதிரி வெள்ளைப் பொடி. அலுமினியம் ஈரத்தில் அரித்த பொடி. மின்சாரம் அதைக் கடக்காது. ஆக, கம்பிக்கும் தகட்டுக்கும் இருந்த உறவு அந்த நான்கு ஸ்க்ரூக்கள் மட்டும்தான், அவையும் அரித்திருந்தன. கேபிளின் முனையில் இருந்த பி.என்.சி. கனெக்டரை லேசாக இழுத்தார். வெளிப்பின்னலின் பாதி இழைகள் கையோடு வந்தன.

பெரியவர் வெகுநேரம் அந்தப் பெயின்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் உப்புத்தாளை எடுத்து வந்தார். தேய்க்கிற வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. தகடு பளிச்சென்று வெளிவந்ததும் மெக்கானிக் அதன் மேல், அரிப்பைத் தடுத்து மின்சாரத்தை மட்டும் விடுகிற குரோமேட் பூச்சைத் தடவினார். பழைய ஆர்.ஜி.-58 கேபிளை உருவிவிட்டு, இரட்டைப் பின்னலுள்ள ஆர்.ஜி.-400 கேபிளை இழுத்தார். புதுக் கனெக்டரைப் பிடிப்பானால் நசுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தார். கம்பியை மாட்டி, அடித்தட்டின் விளிம்பை மட்டும் ஈரம் புகாமல் அடைத்தார். பட்டனை அழுத்தியபோது ஊசி 1.5-ல் நின்றது. திரும்பி வருவது 4 சதவீதம்.

பூச்சு காய்கிற நேரத்தில் மற்றக் கொட்டகைகளைப் பார்த்து வந்திருந்தேன். இரண்டு கொட்டகை தள்ளி ஒரு லாங்-ஈஸி. பர்ட் ருட்டன் வடிவமைத்து 1979-ல் முதலில் பறந்த வகை. நுரைப் பலகையின் மேல் கண்ணாடி இழை போர்த்திய உடம்பு. அதன் மேல் ஒரு கம்பிகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கண்ணாடி இழை ரேடியோ அலையைத் தடுக்காது என்பதால், செம்புப் பட்டையையே ஆண்டெனாவாக வெட்டி உடம்புக்குள் புதைத்துவிடுகிறார்கள். ஜிம் வியர் என்ற பொறியாளர் வீட்டில் கட்டுகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பரப்பிய முறை இது. செம்புப் பட்டையே இரு பாதியாகவும் இருப்பதால் தனியாகத் தகடு தேவையில்லை. கேபிள் சேரும் இடத்தில் சில ஃபெரைட் வளையங்கள் போதும். பார்க்க அழகு, காற்றையும் கிழிக்காது. ஆனால் உள்ளே ஒரு பற்றவைப்பு விட்டுப்போனால் விமானத்தின் தோலை வெட்டத்தான் வேண்டும். அதே உடம்பைக் கார்பன் இழையில் செய்தால் இந்த வித்தை பலிக்காது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், அலையை மறைத்துவிடும்.

அதற்கும் அப்பால் மஞ்சள் நிற பைப்பர் கப், இரும்புக் குழாய்க் கூட்டின் மேல் துணி போர்த்தியது. அதில் பேட்டரியே இல்லை. ஓட்டுகிறவர் கையடக்க ரேடியோவைத் தொடையில் கட்டிக்கொண்டு போகிறார். ஸ்பார்க் பிளக் ஒயர்களுக்கு உறை இல்லாததால் ஒவ்வொரு பொறியும் அவர் காதில் தட்டுகிறது.

மாலை வெயில் சாய்ந்ததும் ஆர்.வி.-6 ஏறியது. கிளப் அறையின் ரேடியோ முன்னால் மெக்கானிக் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். 1,000 அடி உயரத்தில் பறக்கிற விமானத்தின் குரல், வழியில் மேடு இல்லாவிட்டால், எழுபது கிலோமீட்டர் வரை நேர்கோட்டில் வர வேண்டும். பெரியவர் இருபது கிலோமீட்டர் போய், இறக்கையை அதிகம் சாய்க்காமல், அகலமாக ஒரு வட்டம் போட்டார். முப்பது பாகைக்கு ஒரு முறை மூக்கு இருக்கும் திசையைச் சொன்னார். வால் இந்தப் பக்கம் இருந்தபோது குரல் மணி மாதிரி வந்தது, பக்கவாட்டிலும் குறையில்லை. மூக்கு இந்தப் பக்கம் திரும்பியதும் குரல் மெலிந்தது. சொல் ஒன்றும் விழவில்லை, ஆனால் மெலிந்தது. மெக்கானிக் அந்த இடத்தில் தாளில் ஒரு கோடு போட்டார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

கம்பிக்கு முன்னால் நிற்பவை இரண்டு இரும்புச் சக்கரக் கால்கள். அவற்றின் நீளமும் கால் அலைக்கு அருகில் வருவதால், வருகிற அலையைத் தாமே கொஞ்சம் வாங்கி, வேறு பக்கம் வீசிவிடுகின்றன. உப்புத்தாளால் அதைத் தீர்க்க முடியாது. இடத்தைத்தான் மாற்ற வேண்டும். முதுகில், கண்ணாடி மூடிக்குப் பின்னால், நல்ல அகலத் தகடு இருக்கிறது. தரையில் நிற்கும்போதும் அங்கிருந்து பேச்சு நன்றாகப் போகும். கட்டும்போதே அங்கே ஏன் வைக்கவில்லை என்று மெக்கானிக் கேட்டதற்கு, "பார்க்க நன்றாக இருக்காது என்று நினைத்தேன்" என்றார் பெரியவர். கராஜில் நிற்கிற விமானத்துக்கு அது நியாயம். பறக்கிற விமானத்துக்கு அது நியாயமே அல்ல.

ரேடியோவுக்கு முதுகில் புதுக் கம்பி, வயிற்றுக் கம்பி பிற்பாடு இரண்டாவது ரேடியோ வைத்தால் அதற்கு என்று முடிவாயிற்று. இடம் குறிக்க வெகுநேரம் எடுத்தார்கள். முதுகுத் தகட்டில் ஏற்கெனவே ஜி.பி.எஸ். ஆண்டெனா இருந்தது. அது கேட்பது 1575.42 மெகாஹெர்ட்ஸ். ரேடியோவில் 131.25-ல் பேசினால் அதன் பன்னிரண்டாம் மடங்கும், 121.175-ல் பேசினால் பதின்மூன்றாம் மடங்கும் ஜி.பி.எஸ். காதோரமாகப் போய் விழும். ஆகாயத்திலிருந்து வரும் அந்த மெல்லிய சமிக்ஞை, பக்கத்திலேயே ஒருவர் பேசும்போது தொலைந்துபோகலாம். டேப் வைத்து அளந்து, மூன்றடிக்கும் மேல் தள்ளிப் புள்ளி வைத்தார்கள். தகட்டின் உள்பக்கம் ஒரு கூடுதல் தகடு கொடுத்து ரிவிட் அடித்தார்கள். இந்த முறை பெரியவர் துளையைச் சுற்றிய பெயின்டைத் தானே முதலில் சுரண்டினார். மறுநாள் வட்டத்தில் எந்தப் பக்கம் மூக்கிருந்தாலும் குரல் ஒன்றாகவே வந்தது.

பெரியவர் இவ்வளவு அவசரப்பட்டதற்குக் காரணம் ஆஷ்காஷ். ஜூலை கடைசியில், 1970 முதல், அந்த ஊரின் விட்மன் விமானத் தளத்தில் கூடும் விமானத் திருவிழாவுக்கு அந்த வட்டாரத்தில் சுமார் 10,000 விமானங்கள் வந்து இறங்கும். ரிப்பன் என்ற ஊரிலிருந்து ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, அரை மைல் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஃபிஸ்க் என்ற சிற்றூரின் மேல் வர வேண்டும். கீழே நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் விமானத்தை நிறத்தாலும் வடிவத்தாலும் அழைத்து ஓடுபாதை சொல்வார்கள். விமானி பதில் பேசக் கூடாது. கேட்டதற்கு அடையாளமாக இறக்கையை ஆட்ட வேண்டும். அந்த வரிசையில் சேரப் போகிறவர்கள், புது ரேடியோவுக்குப் பணம் கட்டுமுன், ஆண்டெனாவின் அடித்தட்டை ஒரு முறை கழற்றி, அதன் கீழே பெயின்ட் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.