கடலோரத்தில் எத்தனை இரவு?

திருவனந்தபுரத்திற்கு உத்தியோகத்தையும் வியாபாரத்தையும் நாடி வந்த நம் தமிழ்க் குடும்பங்களின் விடுமுறைக் கணக்கு எல்லோரும் அறிந்ததே. ஆண்டிற்குப் பதினைந்து நாள் விடுப்புக் கிடைத்தால் அதில் பத்து நாள் சொந்த ஊர்க் கோயில் கொடைக்கும் கல்யாணங்களுக்கும் போய்விடுகிறது. எஞ்சிய ஐந்து நாளும் ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துச் சென்று பத்மநாப சுவாமி கோயிலையும் மிருகக்காட்சிசாலையையும் காட்டுவதில் கழிகின்றது. கடலோ நகரத்தின் மேற்கெல்லையிலேயே இருக்கிறது. ஆயினும் கடலோரத்தில் ஓர் இரவேனும் தங்கிய குடும்பங்கள் நம்மில் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் கைவிரல்களில் சில மிஞ்சிவிடும்.

நான் ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். முன்பதிவுச் சாளரத்திற்கு வருகிறவர்கள் சீட்டு மட்டும் கேட்பதில்லை. “ஐயா, வர்க்கலையில் ஒரு நாள் போதுமா? கோவளத்தில் தங்கலாமா, அல்லது கன்னியாகுமரிக்கே போய்விடலாமா?” என்றும் கேட்கிறார்கள். கைபேசியிலேயே சீட்டு எடுத்துவிடும் இக்காலத்திலும் இந்தக் கேள்வி மட்டும் குறையவில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுக்கும்போது இதற்கு விரிவாக விடையளிக்க இயலாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. இரண்டு இரவு தங்கினால் அதை மூன்று நாள் பிரயாணம் என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் போய்ச் சேரும் நாள் மூட்டை இறக்குவதிலும், அறை பார்ப்பதிலும், குழந்தைக்குப் பால் காய்ச்ச வழி தேடுவதிலும் போய்விடும். திரும்பும் நாளில் காலை முதலே மனம் வண்டி நேரத்தில் இருக்கும். நடுவிலுள்ள ஒரு நாள்தான் நம்முடையது. மூன்று இரவு தங்கினால் அந்த ஒரு நாள் இரண்டாகிறது. ஓர் இரவின் வாடகைக்கு நம் சொந்த நாள் இரு மடங்காகிறது என்றால் அதை வீண்செலவு என்று சொல்ல முடியாது. இரவுக்கு ஓர் ஊராக மூன்று ஊர்களில் தங்குகிறவருக்கோ முழு நாள் என்பதே கிடையாது. அவர் மூன்று முறை மூட்டை கட்டியதுதான் கண்ட பலன்.

எனவே ஒரே ஊரில் தங்கி, மற்ற ஊர்களை அங்கிருந்து போய்ப் பார்த்து வருவதே குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஏற்றது என்பது என் துணிபு. இத்தாலி நாட்டில் லிகூரியக் கடற்கரையில் சிங்க்வே தெர்ரே என்னும் பெயரில் ஐந்து சிற்றூர்கள் உள்ளன. அப்பெயருக்கு ‘ஐந்து நிலங்கள்’ என்று பொருள். (நமக்கு ஐந்து நிலம் என்றால் நினைவுக்கு வருவது வேறு!) மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஐந்தையும் ஓர் இருப்புப்பாதை இணைக்கிறது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சில நிமிடப் பிரயாணந்தான். ஓர் ஊரில் அறை எடுத்துக்கொண்டு மற்ற நான்கையும் ரயிலில் போய்ப் பார்க்கிறவர்கள் அங்கே உண்டு. நம் கரையிலும் கடைக்காவூர், வர்க்கலை, காப்பில், பரவூர் என்று கடலை ஒட்டி அடுத்தடுத்து நிலையங்கள் இருக்கின்றன. அந்த வசதியை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

எந்த ஊர் என்பதற்கு முன் எந்த மாதம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இங்கே கடல் ஆண்டு முழுவதும் ஒரே கடல் அன்று. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அலைகள் கரை மணலை வாரிக்கொண்டு போகும். வைகாசியில் குழந்தைகள் ஓடி விளையாடிய இடத்தில் ஆனியில் தண்ணீர் நிற்கும். மழை ஓய்ந்த பிறகு அதே கடல் மணலைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கும். கார்த்திகை நடுப்பகுதி முதல் மாசி முடிய உள்ள காலமே நல்ல காலம். பள்ளிக்கூட விடுமுறையை எண்ணிச் சித்திரையிலும் வைகாசியிலும் போகிறவர்கள் ‘கள்ளக்கடல்’ என்னும் சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது. மழையும் காற்றும் இல்லாத நாளில் திடீரென்று கடல் ஏறிக் கரைக்குள் புகுவதை இக்கரை மீனவர் அப்படி அழைத்தனர். நெடுந்தொலைவில் தென்பெருங்கடலில் எழும் புயற்காற்றினால் பிறந்து இங்கு வந்து சேரும் அலை அது. விஞ்ஞானிகளும் இன்று அப்பெயரையே வழங்குகின்றனர். எச்சரிக்கை வந்த நாளில் சிவப்புக் கொடி கட்டியிருந்தால் காவலரோடு வாதாட வேண்டாம்.

இனி ஊர்களுக்கு வருவோம்.

சங்குமுகம் தங்கும் இடம் அன்று. அது மாலை நேரத்து இடம். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாப சுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து இக்கரைக்கு வருகிறது. அந்நேரத்தில் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. சுவாமிக்காக விமானங்கள் காத்திருக்கும் இந்தக் காட்சியை உறவினருக்குக் காட்டத் தவறாதீர்கள். பக்கத்திலுள்ள வலியதுறையில் 1956இல் கட்டிய கடற்பாலம் 2021இல் அலையடித்துச் சாய்ந்தது. அப்பகுதியில் கடலுக்கு வீட்டைப் பறிகொடுத்த மீனவக் குடும்பங்கள் பல. வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

கோவளம் சுமார் 15 கிலோமீட்டர். பாறைகள் பிரித்த சிறு சிறு வளைகுடாக்கள். தெற்கே குன்றின்மேல் 1972இல் எழுந்த சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம். பார்ப்பதற்கு அழகான இடமே. ஆனால் நகரத்தில் வீடு வைத்திருக்கும் நாம் பருவ காலத்து வாடகை கொடுத்து அங்கே தங்குவது எனக்கு அவசியமாகத் தோன்றவில்லை. காலையில் பேருந்தில் போய் இரவு திரும்பிவிடலாம். (வெளியூர் உறவினருக்கு எழுதும்போது ‘திருவனந்தபுரத்துக் கோவளம்’ என்று முழுமையாக எழுதுங்கள். சென்னைக்குத் தெற்கே ஒரு கோவளமும் கன்னியாகுமரிக்கு அருகே ஒரு கோவளமும் உண்டு.)

கோவளத்தை அடுத்த விழிஞத்திற்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். ஆய் மன்னர்களின் துறைமுகம் அது; பாண்டியரும் சோழரும் அதற்காகப் போரிட்டனர். 8ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் சிறிய குடைவரைக் கோயில் ஒன்று சந்தடிக்கு நடுவே அமைதியாக இருக்கிறது. 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகத்தில் இன்று மாபெரும் சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அதன் அருகிலேயே மீன்பிடித் துறையில் காலை ஏலம் நடக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் ஆட்களை இழந்த கரை இது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்தின் உள்நாட்டு ஊர்களில் சிக்கியவர்களை மீட்கப் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனவர்களும் இக்கரையினர்தாம். கரமடி வலை இழுக்கும் நேரத்தில் குறுக்கே நின்று படம் எடுக்காமலும், உலர்த்திய வலையை மிதிக்காமலும் இருந்தால் அவர்களே அழைத்துப் பேசுவார்கள். அவர்கள் பேச்சிலே தமிழ்ச் சொற்கள் நிறைய வருவதைக் கேட்டு நம் குழந்தைகள் வியப்படைவார்கள்.

கன்னியாகுமரிக்கு ஓர் இரவு. அதற்குக் குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம். அந்தி மறைவையும் மறுநாள் உதயத்தையும் காண ஓர் இரவு தங்கித்தான் ஆகவேண்டும். காலையில் கூட்டம் சேருமுன் படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போய்விடலாம். அங்கிருந்து திருவள்ளுவர் சிலைக்கு 2024 டிசம்பர் இறுதியில் திறந்த கண்ணாடிப் பாலத்தின் வழியே நடந்தே போகலாம். கடல் கொந்தளித்தால் படகு போகாது என்பதையும் மனத்தில் கொள்க. 1979இல் ரயில் பாதை வந்தபின் இங்கிருந்து போய்வருவது எளிதாகிவிட்டது. 1956 நவம்பர் முதல் நாளுக்கு முன் அதுவும் நம் ஊரும் ஒரே ராஜ்யத்தில் இருந்தவை. நாஞ்சில் நாட்டில் வேர் உள்ள குடும்பங்களுக்கு அது பிரயாணமே அன்று, அடுத்த வீட்டுக்குப் போவது போன்றது.

அமைதி தேடுகிற இளம் தம்பதிகள் முட்டத்திற்குப் போகலாம். இரணியலில் இறங்கிப் போக வேண்டும். பாறையும் அலையும் கலங்கரை விளக்கமும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. அதுவே அதன் சிறப்பு. பாரதிராஜாவின் திரைப்படங்களில் பார்த்த கரைதான். தங்குமிடங்கள் மிகச் சில. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்தப் பாறைக்கரை ஏற்றதன்று.

குடும்பத்தோடு மூன்று இரவு தங்குவதற்கு நான் சொல்லும் ஊர் வர்க்கலை. காரணம் முதலாவது ரயில். நம் ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். முன்பதிவு வேண்டியதில்லை, சாதாரணச் சீட்டே போதும். நிலையத்திலிருந்து கடற்கரை ஆட்டோவில் போகும் தூரந்தான். மதுரையிலிருந்து இரவில் புறப்படும் புனலூர் வண்டியும், சென்னையிலிருந்து கொல்லம் வரும் அனந்தபுரி வண்டியும் இவ்வழியே போவதால் ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் வண்டி மாறாமல் வந்து சேரலாம்.

இரண்டாவது காரணம் பாபநாசம். நெல்லைச் சீமையார் தாமிரபரணிக் கரையிலும், தஞ்சையார் தம் ஊர்ப்பக்கத்திலும் ஒரு பாபநாசத்தை அறிவார்கள். இது கடலோரத்துப் பாபநாசம். ஜனார்த்தன சுவாமி கோயிலுக்குக் கீழே உள்ள இக்கரையில் மறைந்த முன்னோருக்குப் பலியிடுவது தொன்றுதொட்ட வழக்கம். மலையாளிகள் கர்க்கடக வாவு என்று சொல்வது நம் ஆடி அமாவாசைதான். அன்று கரை முழுவதும் ஜனசமுத்திரமாக இருக்கும். கடலும் ஆடி மாதக் கடல். முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் வேறொரு மாத அமாவாசையையோ திதியையோ தேர்ந்துகொண்டால் நிதானமாகச் செய்யலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வர்க்கலையின் செம்மண் குன்றுச் சுவர் கடலுக்கு நேர்மேலே செங்குத்தாக நிற்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை போற்றும் இயற்கைச் சின்னம் அது. வடக்கே அதன் உச்சியில் உணவு விடுதிகளும் தங்கும் விடுதிகளும் வரிசையாக உள்ளன. காட்சி அபாரம், ஆனால் கரைக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை, குன்றின் விளிம்பும் அவ்வப்போது சரிகிறது. முழங்கால் வலி உள்ளவரும் ஓடித் திரியும் பிள்ளைகளும் இருந்தால் உச்சியை விட்டு, கோயிலிலிருந்து பாபநாசத்திற்குச் செல்லும் சாலையோரம் அறை எடுப்பதே நலம். அங்கிருந்து கரைக்குப் படியில்லாமல் நடந்து போகலாம்.

என் தாயார் நெல்லை மாவட்டத்தில் கடல் தெரியாத ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். தந்தையார் மறைந்த பின் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்திருப்பதா, வேண்டாமா என்ற பேச்சு இரண்டு ஆண்டுகளாக முடியாமல் இருந்தது. தொலைபேசியில் கேட்டால் “பார்க்கலாம்” என்பார். திதிக்காக வர்க்கலைக்கு அழைத்துச் சென்றோம். முதல் நாள் மாலை பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை காரியம் முடிந்தது. மாலையில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் வரை நனைந்தார். மூன்றாம் நாள் மாலைதான், யாரும் கேட்காமலே, “மாசியிலே வந்துடுறேன்யா. ஆனா கொடைக்கு மட்டும் என்னை ஊருல கொண்டுபோய் விட்டிரணும்” என்றார். ஓர் இரவோடு திரும்பியிருந்தால் இந்தச் சொல் வந்திராது.

மூன்று இரவு தங்குகிறவர்களுக்குப் பார்க்க வேறு இடங்களும் உண்டு. ஸ்ரீ நாராயண குரு 1928இல் சமாதியடைந்த சிவகிரி நிலையத்திற்கு அருகிலேயே இருக்கிறது. தெற்கே அஞ்சுதெங்கில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கோட்டை நிற்கிறது. 1721இல் ஆற்றிங்கல் ராணிக்குக் காணிக்கை எடுத்துச் சென்ற ஆங்கிலேயர் கூட்டம் கொல்லப்பட்டதும், இக்கோட்டை முற்றுகையிடப்பட்டதும் பள்ளிப் பிள்ளைகள் கேட்க வேண்டிய கதை. வடக்கே காப்பிலில் காயலும் கடலும் ஒரு மணல் திட்டின் இரு புறமும் தெரியும். வர்க்கலைக் குன்றைக் குடைந்து 19ஆம் நூற்றாண்டில் படகுகளுக்காக வெட்டிய கால்வாய்ச் சுரங்கங்களும் அங்கே உள்ளன. 1918இல் கொல்லத்திலிருந்து ரயில் வந்ததும் அந்தப் படகுப் போக்குவரத்துக்கு இறங்குமுகந்தான். ரயில்வேக்காரனாகிய நான் அதைப் பெருமையாகச் சொல்வதா, வருத்தமாகச் சொல்வதா என்று தெரியவில்லை!

தேதியைப் பற்றி ஒரு சொல். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. முன்போல் 120 நாள் இல்லை. கார்த்திகை பிறந்ததும் ஊரிலிருந்து பெரியவர்களை வரவழைக்க எண்ணுகிறவர்கள் புரட்டாசி பிறந்தவுடனே சீட்டு எடுத்துவிட வேண்டும். டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை சிவகிரி யாத்திரை. அந்நாட்களில் வர்க்கலையில் அறை கிடைப்பது அரிது. வருடப் பிறப்புக் கூட்டம் கலைந்தபின் பொங்கல் வருகிறது. நம் மாவட்டத்தில் அன்று உள்ளூர் விடுமுறை. பொங்கலை வீட்டிலே பொங்கிவிட்டு, மறுநாள் காலை வண்டியில் புறப்பட்டால் பிள்ளைகளுக்குப் பள்ளி அதிகம் தவறாது.