லண்டனில் ஒரு தலைகீழ் காந்தம்

அண்ணன் கொடுத்த துண்டுச் சீட்டில் மூன்றே வரி. 'ஹம்பக்கர் பிக்கப் - ஒரு ஜோடி. பழைய மாடல். பீட்டர் கிரீன் சத்தம் வரணும்.'

ஆபீஸ் செலவில் மூன்று வாரம் லண்டன். ஊரில் ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். சாக்லேட், சென்ட், ஒருத்தருக்கு முழங்கால் பெல்ட். அண்ணன் மட்டும் விமானம் ஏறும் நாள் வரை வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது ஏதோ லஞ்சம் கொடுப்பவர் மாதிரி சட்டைப் பையில் சீட்டைச் செருகிவிட்டு, "முடிஞ்சாப் பாரு. இல்லேன்னா விடு" என்றார்.

என் காலேஜ் ஃபீஸ் கட்டியவர் அவர்தான். பதிலுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு கர்ச்சீப் கூடக் கேட்டதில்லை. காலேஜ் நாட்களில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். கப்பலில் வேலை பார்த்த நண்பர் மூலமாக வந்த கொரியன் லெஸ் பால் காப்பி அது. பிறகு பேங்க் உத்தியோகம், கல்யாணம், டிரான்ஸ்ஃபர். கிட்டார் பரணுக்குப் போயிற்று. போன வருஷம் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருந்தபோது, பேரீச்சம்பழ டின்னுக்குப் பின்னாலிருந்து அதை அவரே இறக்கியிருக்கிறார். டாக்டர் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அண்ணி போட்ட சத்தம் ஆம்ப்ளிஃபயரையே தோற்கடித்ததாகக் கேள்வி!

ஆகவே ஒரு சனிக்கிழமை டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினேன். 2022-இல் எலிஸபெத் லைன் திறந்தபின் ஸ்டேஷன் விமான நிலையம் மாதிரி பளபளக்கிறது. மேலே வந்தால் கட்டடம் அளவுக்கு டி.வி. திரைகள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே சேரிங் கிராஸ் ரோட்டில் இரண்டு நிமிஷம் நடந்தால் இடது பக்கம் ஒரு சந்து. அதுதான் டென்மார்க் தெரு.

தெரு என்று சொல்வது மரியாதைக்கு. இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். 17-ஆம் நூற்றாண்டு வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. ஆனால் பிரிட்டிஷ் பாப் சங்கீதத்தின் பாதி சரித்திரம் இந்தச் சந்துக்குள் இருக்கிறது. 4-ஆம் நம்பரில் இருந்த ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோவில்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தை 1964-இல் பதிவு செய்தார்கள். எல்ட்டன் ஜான் இந்தத் தெருவில் ஒரு மியூசிக் கம்பெனியில் ஆபீஸ் பையன். டீ வாங்கி வந்திருப்பார். 6-ஆம் நம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் ஆட்கள் குடியிருந்து சுவர் முழுக்கக் கிறுக்கி வைத்தார்கள். நம் வீட்டில் கிறுக்கினால் முதுகில் விழும். அங்கே 2016-இல் அந்தக் கட்டடத்துக்கு உயர்ந்த பாதுகாப்புத் தகுதி கொடுத்துவிட்டார்கள்!

கடைக் கண்ணாடிகளில் கிட்டார்கள் கொக்கியில் தொங்குகின்றன. விலைச் சீட்டைப் பார்த்ததும் எனக்கும் பைபாஸ் தேவைப்படும் போலிருந்தது.

மூன்றாவதாக நுழைந்த கடையில் பின்பக்கம் ஒரு ரிப்பேர் மேஜை. வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் ஸால்டரிங் அயர்ன். சீட்டை நீட்டினேன். தமிழ் எழுத்தைப் பார்த்து முழித்தார். நானே மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"பீட்டர் கிரீனா?" என்று அயர்னைக் கீழே வைத்தார். "உட்கார்."

அவர் சொன்னதையும் நான் முன்னமே படித்திருந்ததையும் கலந்து சொல்கிறேன்.

பீட்டர் கிரீன் 1946-இல் லண்டனின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீனில் பிறந்தவர். ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் எரிக் கிளாப்டன் விலகியதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது வயது 19. 1967-இல் ஃப்ளீட்வுட் மேக் குழுவை ஆரம்பித்தார். 1970-இல் அதையும் விட்டார். மனநோய், ஆஸ்பத்திரி, பல வருஷங்கள் கிட்டாரையே தொடாத வாழ்க்கை. 1990-களில் மெதுவாகத் திரும்பி வந்தார். 2020-இல் காலமானார். ஸான்டானா புகழ்பெறச் செய்த 'பிளாக் மேஜிக் வுமன்' பாட்டை எழுதியவர் இவர்தான். நிறையப் பேருக்குத் தெரியாது.

அவர் வைத்திருந்தது 1959-ஆம் வருஷத்து கிப்ஸன் லெஸ் பால். அந்த கிட்டாருக்கே 'கிரீனி' என்று பேர். அதை கேரி மூர் என்ற ஐரிஷ் பையனுக்குக் கொடுத்தபோது, 'உன் கிட்டாரை விற்று வருகிற பணம் போதும்' என்றாராம். மூர் அதை முப்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்து 2006-இல் விற்றார். 2014-இல் மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட் கைக்கு வந்தது.

"அதன் சத்தம் ஏன் அழுகிற மாதிரி இருக்கும், தெரியுமா?" என்றார் தாடிக்காரர்.

கடை மூலையில் இருந்த ஒரு கிட்டாரை எடுத்து, ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டே ஸ்வரம் வாசித்தார். மூக்கடைத்த குரல். உள்ளே காலியான பானைக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி. பரண் காலத்துக்கு முன், அண்ணன் கேஸட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட அதே சத்தம். எனக்கு முழங்கையில் புல்லரித்தது.

"இது கோளாறு" என்று சிரித்தார்.

பிக்கப் என்பது பெரிய தேவரகசியம் இல்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காயிலில் துளி மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபயர் ஊதிப் பெரிதாக்குகிறது. ஒற்றைக் காயிலில் ஒரு தொல்லை: ட்யூப்லைட், டிரான்ஸ்ஃபார்மர் என்று ஊரில் உள்ள இரைச்சலையெல்லாம் சேர்த்துப் பிடித்து 'ங்ங்ங்' என்று முனகும். கிப்ஸன் கம்பெனியின் ஸெத் லவர் என்ற எஞ்சினியர் 1955-இல் இரண்டு காயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுற்றையும் காந்த முனையையும் ஒன்றுக்கொன்று எதிராக அமைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துப் போகும், சங்கீதம் மட்டும் கூடும். அதுதான் ஹம்பக்கர். 'பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்' என்று அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஸ்டிக்கர் உள்ள பழைய பிக்கப்புக்கு இன்று ஆயிரக்கணக்கில் விலை. ஸ்டிக்கருக்கே கள்ள நோட்டு மாதிரி போலி உண்டு!

கிரீனியில் கழுத்துப் பக்க பிக்கப்புக்குள் காந்தம் தலைகீழாக இருந்தது. அவ்வளவுதான். அந்த பிக்கப்பைத் தனியாக வாசித்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்தால்தான் கூத்து. ஊஞ்சலை இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஒரே சமயத்தில் தள்ளுகிற கதை. கனமான கீழ்ச் சத்தம் இரண்டு பிக்கப்பிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் கழிந்துவிடுகிறது. மேல் சத்தம் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் மிஞ்சுகிறது. அந்த மிச்சம்தான் அழுகை. ஒரு பிக்கப்பின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் கனம் கொஞ்சம் திரும்பி வரும். கிரீன் அந்தக் குமிழைத் திருகித் திருகித்தான் அழவும் சிரிக்கவும் வைத்தார்.

இன்னொரு வேடிக்கை. கிரீனியின் ஃபோட்டோக்களில் அந்த பிக்கப்பே திரும்பிப் பொருத்தப்பட்டு, அதன் திருகுகள் எதிர்ப்பக்கம் பார்க்கும். அதைப் பார்த்து எத்தனையோ பேர் தங்கள் பிக்கப்பைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு, சத்தம் வரவில்லையே என்று தலையைச் சொறிந்திருக்கிறார்கள். உடம்பைத் திருப்பினால் போதாது. உள்ளே இருக்கிற காந்தம் திரும்ப வேண்டும்.

நான் பர்ஸை எடுத்தேன். "சரி, அப்படிப்பட்ட ஜோடி ஒன்று கொடுங்கள்."

கண்ணாடி அலமாரியில் இருந்தது. கையால் சுற்றியது. 200 பவுண்டுக்கு மேல். மூன்று வாரம் மத்தியானம் ஸாண்ட்விச்சுக்குப் பதில் வாழைப்பழம் தின்று மிச்சம் பிடித்தது எனக்கு அதற்குத்தான்.

தாடிக்காரர் அலமாரியைத் திறக்கவில்லை. "உன் அண்ணனின் கிட்டாரில் இப்போது என்ன இருக்கிறது?"

ஃபோனில் ஃபோட்டோ காட்டினேன். இரண்டு ஹம்பக்கர், மேலே மூடி இல்லாதவை.

"பிறகு எதற்குப் பணத்தைக் கொட்டுகிறாய்? ஒன்றைத் திறந்து காந்தத்தைத் திருப்பிப் போடச் சொல்."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. "இல்லை ஸார், நான் வாங்கியே ஆக வேண்டும். அவர் எனக்கு..." என்று ஆரம்பித்து, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரிடம் காலேஜ் ஃபீஸ் கதையைச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"காந்தத்தைத் திருப்பிய பிறகும் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வா. இது ஓடிப் போகாது" என்று அலமாரியைத் தட்டினார். ஒரு காகிதத்தில் படம் வரைந்து கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டேன். லண்டனில் மூன்று மணி, ஊரில் ஏழரை. படத்தைக் காட்டினேன்.

"அடப்பாவி, இவ்வளவுதானா?" என்றார் அண்ணன். "இரு, ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வரேன்."

"இப்பவேவா? அண்ணி?"

"கோயிலுக்குப் போயிருக்கா."

தந்திகளைத் தளர்த்தி, பிக்கப்பை வெளியே எடுத்து, அடியில் இருந்த நாலு திருகைப் பாதி கழற்றி, காந்தப் பட்டையைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினார். கம்பி அறுந்தால் பிக்கப் காலி என்று தாடிக்காரர் எச்சரித்திருந்ததால் நான் மூச்சு விடவில்லை. திருகுப் பக்கம் பார்த்த விளிம்பு இப்போது எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். பட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் முதலிலேயே ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். பேங்க்காரர் அல்லவா! உள்ளே தள்ளி, திருகி, தந்தியை முறுக்கி, சுருதி சேர்க்க முக்கால் மணி நேரம். என் ஃபோனில் 9 சதவீதம் சார்ஜ்.

"ஸ்விட்ச் நடுவுல" என்றேன்.

"தெரியும்டா."

வாசித்தார். ஃபோனின் ஓட்டை ஸ்பீக்கரிலும் அது வந்தது. அதே காலிப் பானைக் குரல். அண்ணனின் விரல்கள் துருப்பிடித்திருந்தன. இரண்டு இடத்தில் தடுக்கின. நிறுத்திவிட்டுக் கழுத்துப் பக்க வால்யூமைத் துளி குறைத்து மறுபடி வாசித்தார். முகம் திரையை விட்டு வெளியே போய்விட்டது. கையும் தந்தியும் மட்டும் தெரிந்தன. நான் பேசவில்லை.

பின்னால் கேட் சத்தம். "மாத்திரை போட்டாச்சா? என்ன இது தரையெல்லாம் ஸ்க்ரூ?" என்று அண்ணியின் குரல்.

"டேய்" என்றார் அண்ணன் அவசரமாக. "வரும்போது தந்தி வாங்கிட்டு வா. 10-ஆம் நம்பர். ரெண்டு செட்."

திரை அணைந்தது. எழுந்து கடைக்குள் மறுபடி போனேன். தாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தந்தி பத்து செட் கேட்டேன்.