மேக்டஃப்புக்கு வயலின் வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி கோவையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன மாதம் துறை விழாவில் பத்து நிமிட நாடகப் போட்டி. இவள் குழுவுக்குச் சீட்டில் விழுந்தது ஷேக்ஸ்பியரின் மேக்பெத், நான்காம் அங்கம், மூன்றாம் காட்சி. இவள்தான் டைரக்டர். மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை. ஐந்து பெண்கள். நான் டீ போட்டுக் கொடுக்கிற ஆள்.

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. டீச்சர் டிரெய்னிங் முடித்து 37 வருடம் ஈரோடு பக்கம் ஒன்றியப் பள்ளிகளில் எல்லாப் பாடமும் எடுத்தவன். ஷேக்ஸ்பியர் எனக்குத் துணைப்பாடப் புத்தகத்தில் வந்த கதைச்சுருக்கம்தான். ஆனால் ஆண்டுவிழாவுக்கு நாடகம் போட்ட அனுபவம் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறந்தேன்.

கதை தெரியாதவர்களுக்காக. ஸ்காட்லாந்து அரசனைக் கொன்றுவிட்டுத் தானே அரசனாகிறான் மேக்பெத். அவனுக்கு எதிராக நிற்கும் பிரபு மேக்டஃப். இவன் மனைவி மக்களைக் கோட்டையில் விட்டுவிட்டு, செத்த அரசனின் மகன் மால்கம்மைத் தேடி இங்கிலாந்துக்குப் போய்விடுகிறான். அவன் இல்லாத நேரத்தில் மேக்பெத் அனுப்பிய ஆட்கள் கோட்டைக்குள் புகுந்து எல்லோரையும் வெட்டிவிடுகிறார்கள். அந்தச் செய்தியை ராஸ் என்ற உறவுக்காரன் இங்கிலாந்துக்கு வந்து சொல்கிறான். அதுதான் இவர்கள் நடிக்க வேண்டிய பகுதி.

முதல் ஒத்திகையில் என்ன நடந்தது தெரியுமா? ராஸ் செய்தியைச் சொன்னதும் செல்போனில் வயலின் அழுதது. மேக்டஃப்பாக நடித்த பெண் மண்டியிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, ஓவென்று கதறினாள். நிஜக் கண்ணீர். நல்ல பிள்ளை, நன்றாகவே நடித்தாள். விழாவில் நீல லைட் வேறு போடப்போகிறார்களாம்.

எனக்குள் ஒன்றும் அசையவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. "அந்தப் புஸ்தகத்தக் குடு கண்ணு" என்று வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு காட்சியை, அடிக்குறிப்போடு, அகராதியோடு, ஒரு வாரம் படித்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

முதலில் கண்ணில் பட்டது ராஸ் செய்கிற வேலை. அவன் வந்ததும் செய்தியைச் சொல்வதே இல்லை. என் மனைவி எப்படி இருக்கிறாள் என்று மேக்டஃப் கேட்கிறான். நன்றாக இருக்கிறாள் என்கிறான். பிள்ளைகள்? அவர்களும் நன்றாகவே. அவர்களுடைய நிம்மதியை அந்தக் கொடுங்கோலன் குலைக்கவில்லையா என்று கேட்டதற்கு, நான் புறப்படும்போது நிம்மதியாகத்தான் இருந்தார்கள் என்கிறான். ஆங்கிலத்தில் அது செத்தவர்களுக்கும் பொருந்துகிற வார்த்தை. பிறகு பேச்சைப் படைதிரட்டும் விஷயத்துக்குத் திருப்பிவிடுகிறான்.

இதைப் படித்ததும் எனக்கு 1986 ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட வாசலில் பெரியப்பா பையன் சைக்கிளோடு நின்றான். "அம்மாவுக்குக் கொஞ்சம் ஒடம்பு செரியில்ல. உன்னையக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க" என்றான். ஏழு மைல். வழியெல்லாம் மஞ்சள் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். இந்த வருசம் குவிண்டால் இன்னதுக்குப் போச்சு, ஈரோடு மண்டியில் இன்னார் ஏமாற்றினார் என்று. ஊர் எல்லையில் வந்துதான் சைக்கிளை நிறுத்தினான். ராஸ் பேசும் படைதிரட்டல் எனக்கு அப்படியே மஞ்சள் விலையாகத்தான் கேட்டது.

பெண்களிடம் இதைச் சொன்னேன். ராஸாக நடிப்பவள்தான் இந்தக் காட்சிக்கு வயலின், வேறு வயலின் வேண்டாம் என்றேன். அவள் அதுவரை ராஸை ஒரு தபால்காரன் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சொல்ல வாயெடுத்து, எச்சில் விழுங்கி, வேறு பேச்சுக்குப் போகச் சொன்னேன். அவள் தடுமாறத் தடுமாறப் பார்க்கிற எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் இது வேலை செய்ய, பார்க்கிறவர்களுக்கு முன்னாலேயே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஷேக்ஸ்பியர் அப்படித்தான் வைத்திருக்கிறார். இதற்கு முந்தைய காட்சியிலேயே மேக்டஃப்பின் சின்னப் பையன் தாயின் கண்ணெதிரே குத்துப்பட்டுச் சாகிறான். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இடையில் மால்கம்மும் மேக்டஃப்பும் அரசியல் பேசும் பகுதி மிக நீளம். படிக்கும்போது எனக்கே கொட்டாவி வந்தது. இப்போது யோசித்தால், அந்த நீளமும் ஒரு கொடுமைதான். வீட்டில் பிணம் கிடக்கிறது, இங்கே இவன் அரசனின் இலட்சணம் பேசிக்கொண்டிருக்கிறான். குழந்தையை மேடையில் கொல்வது நாகரிகம் இல்லை என்று பழைய காலத்தில் பல நாடகக் குழுக்கள் அந்த முந்தைய காட்சியையே வெட்டிவிட்டார்களாம். வெட்டினால் இந்தக் காட்சி பாதி செத்துவிடும். எங்கள் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் முக்கால் நிமிடம் அதற்கு ஒதுக்கினார்கள். ஒரு தாய், ஒரு பையன், கதவு தட்டும் சத்தம். அவ்வளவுதான்.

அடுத்தது தொப்பி.

செய்தியைக் கேட்டதும் மேக்டஃப்புக்கு வசனமே கிடையாது. கதறல் கிடையாது. பக்கத்தில் நிற்கும் மால்கம்தான் பேசுகிறான். தொப்பியை இப்படிப் புருவத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்ளாதே, துக்கத்தை வாய்விட்டுச் சொல்லிவிடு என்கிறான். அப்படியென்றால் மேக்டஃப் என்ன செய்திருக்கிறான்? முகத்தை மூடிக்கொண்டிருக்கிறான். நடிகனுக்கான குறிப்பைத் தனியாக எழுதாமல் இன்னொருவன் வாயில் வைத்திருக்கிறார். குளோப் அரங்கம் திறந்த வெளி. பட்டப்பகலில் நாடகம். நீல லைட் எங்கே போடுவது? முகத்தின் மேல் இறங்கும் ஒரு தொப்பியைத்தான் கடைசி வரிசைக்காரன் பார்த்திருப்பான்.

"அப்புச்சி, அப்ப அவ அழவே கூடாதா?" என்று பேத்தி கேட்டாள். அழலாம், நமக்குக் காட்டி அழக்கூடாது என்றேன். எங்கள் வீட்டில் தொப்பி ஏது? என் குளிர்காலக் குல்லாவைக் கொடுத்தேன். அந்தப் பெண் அதைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றாள். மாடியில் துணி படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வாய் திறந்த பிறகும் மேக்டஃப் புலம்புவதில்லை, கேள்வி கேட்கிறான். பிள்ளைகளுமா? என் மனைவியுமா? ராஸ் அதுதான் சொன்னேனே என்கிறான். அதன் பிறகும், எல்லோருமா, எல்லோரும் என்றா சொன்னாய் என்று திரும்பத் திரும்ப அதே கேள்வி. வசனமும் அங்கே முழு வரியாக ஓடாமல் துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது. சாவு வீட்டில் இதைப் பார்த்திருக்கிறோம். விவரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகும் "நெசமாவா?" என்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மனுசன் துக்கத்தில் பாதி குற்ற உணர்ச்சி. கோட்டையில் தனியாக விடப்பட்ட மனைவி, சாவதற்குச் சற்று முன்புதான், சின்னஞ்சிறு குருவி கூடத் தன் குஞ்சுக்காக ஆந்தையோடு சண்டை போடும், இவருக்கு அந்தப் பாசம் இல்லை என்று ராஸிடமே குறைபட்டிருக்கிறாள். மால்கம்மும் அதே காட்சியில் முன்னதாக, ஏன் சொல்லிக்கொள்ளாமல் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டிருக்கிறான். கடைசியில் மேக்டஃப்பே, என் பாவத்துக்காக அவர்கள் அடிபட்டார்கள் என்கிறான். அவன் முகத்தை மூடியது அழுகையை மறைக்க மட்டும்தானா என்பது எனக்குச் சந்தேகம்தான். தலையில் அடித்துக்கொண்டு அழுபவன் ஊருக்கு முகம் காட்டக் கூடியவன். இவனால் முடியாது.

இப்போது மால்கம்முக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அவனுக்காகத்தான்.

அவன் கெட்டவன் இல்லை. தானும் தகப்பனைப் பறிகொடுத்தவன். ஆறுதல் சொல்ல ஆசைப்படுகிறான். ஆனால் அவசரம். இன்னும் பிணத்தின் எண்ணிக்கையே மேக்டஃப்புக்கு மனதில் ஏறவில்லை, அதற்குள் பழிவாங்குவதுதான் இதற்கு மருந்து என்கிறான். ஆம்பளை மாதிரி இதை எதிர்த்து நில் என்கிறான். மேக்டஃப், நிற்கிறேன், ஆனால் ஒரு ஆம்பளையாக அதை உணரவும் வேண்டும் இல்லையா என்கிறான். ஹாம்லெட்டிலும் இதே கதைதான். தகப்பன் செத்து இரண்டு மாதம் ஆகாத பையனிடம் சிற்றப்பன், இவ்வளவு துக்கம் ஆண்மைக்கு அழகில்லை என்கிறான். ஹாம்லெட் எழுதுவதற்குச் சில வருடம் முன்பு, 1596இல், ஷேக்ஸ்பியரின் ஒரே மகன் ஹாம்னெட் 11 வயதில் இறந்திருக்கிறான். அவரிடம் யார் வந்து என்ன ஆறுதல் சொன்னார்களோ.

நடுவில் மேக்டஃப், அவனுக்குப் பிள்ளைகள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்கிறான். அந்த 'அவன்' யார்? மேக்பெத் என்பார் சிலர், மால்கம் என்பார் சிலர். பிராட்லி என்ற பேராசிரியர் 1904இல் வந்த தன் புத்தகத்தில், பின்குறிப்பு ஒன்றில் இதைப் பற்றியும் எழுதியிருப்பதாகப் பேத்தி சொன்னாள். எனக்குச் சந்தேகமே இல்லை, மால்கம்தான். எதிரில் நிற்கிறவனை விட்டுவிட்டு ராஸைப் பார்த்து, "இவனுக்கென்ன தெரியும், புள்ள பெத்தவனா?" என்கிற தொனி. நம் ஊர்க் கிழவிகள் ஆளை நிற்கவைத்துக்கொண்டே இப்படிப் பேசுவார்கள். அப்படியே செய்யச் சொன்னேன். மால்கம்மாக நடித்த பெண்ணின் முகம் சுருங்கிப்போனது, அது நடிப்பே இல்லை.

அந்தச் சுருங்கிய முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்தான்.

1994. ஏழாம் வகுப்பு. அவன் அப்பா தறிக்கூடத்திலேயே நெஞ்சுவலியில் விழுந்து செத்துப்போனார். காரியம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் பையன் பள்ளிக்கு வந்தான். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பையைத் தூக்கி மேசை மேல் வைத்து, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பக்கத்துப் பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் போய்ப் பையை எடுத்துக் கீழே வைத்தேன். தோளைத் தட்டி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "ஆம்பளப் பையன் அழலாமா? இனி நீதான் உங்கம்மாவுக்கு எல்லாம். நல்லாப் படிச்சு முன்னுக்கு வரணும்" என்றேன். அவன் எழுந்து நின்று "செரிங்க சார்" என்றான். அன்றைக்கு நல்ல வாத்தியார் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். ஆசிரியர் அறையில் சொல்லியும் காட்டினேன்.

அவன் பத்தாவது முடிக்கவில்லை. அதற்கு என் பேச்சு காரணம் என்று சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை அப்படி. ஆனால் அந்தப் பையை எடுத்தது நான்.

விழா நடந்தது. நானும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மைக் கொஞ்சம் இரைந்தது. எல்லோருமா என்று மேக்டஃப் இரண்டாவது தடவை கேட்டபோது ஒரு பக்கத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள், வசனம் மறந்து திரும்பச் சொல்கிறாள் என்று நினைத்து. அந்தப் பெண் பதறவில்லை. என் குல்லாவுக்குள்ளிருந்தே மூன்றாவது தடவையும் கேட்டாள். சிரிப்பு முழுக்க நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன், குறைந்தது. பரிசு இரண்டாவதுதான். முதல் பரிசு வாங்கிய ரோமியோ ஜூலியட்டுக்கு லைட், வயலின் எல்லாம் இருந்தது. பேத்தி என்னை முறைத்தாள்.

மறுநாள் பழைய மாணவன் ஒருவனிடம் கேட்டு அந்தப் பையனின் நம்பர் வாங்கினேன். பையன் என்ன பையன், நாற்பது தாண்டியிருக்கும். திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான். என் பெயரைச் சொன்னதும், "சார், நல்லா இருக்கீங்களா? ஏதாவது விசேஷங்களா?" என்றான். கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பான். பிள்ளைகள் படிப்பு, பனியன் கம்பெனி ஆர்டர் என்று கொஞ்ச நேரம் போனது. நானும் மஞ்சள் விலை பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

பிறகு கேட்டேன். "உங்க அப்பாவ நான் ஒரு தடவகூடப் பார்த்ததில்லப்பா. எப்படி இருப்பாரு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அப்புறம் பேச ஆரம்பித்தான். நாற்பது நிமிடம். ஒல்லியாக, உயரமாக இருப்பாராம். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி சத்தமாகப் பாடுவாராம். அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது எட்டணா கேட்டிருக்கிறான், சாயங்காலம் தருகிறேன் என்றாராம்.