நெல், நோய், தடுப்பு: ஒரு வரிசை யாருடையது?

நூலகவியல் மாணவர்கள் எஸ். ஆர். அரங்கநாதனின் பகுப்புக் கோட்பாட்டைத் தனியொருவரின் முடிந்த சாதனையாகவே பயில்கின்றனர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டவர் அவரே. ஆயினும் அது கோட்பாடாக முதிர்ந்தது பலர் கூடிய அவைகளில்: 1951இல் தில்லியில் அமைந்த நூலக ஆய்வு வட்டம், 1952இல் லண்டனில் உருவான பகுப்பு ஆய்வுக் குழு, 1962இல் பெங்களூரில் தொடங்கிய ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையம். லண்டன் குழுவினர் அவருடைய கூறுபகுப்பு முறையை ஏற்றனர். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படைகளோடு நிறுத்திக்கொள்ள மறுத்தனர். அந்த மறுப்பாலும் கோட்பாடு வளர்ந்தது.

இவ்வளவு பேர் கூடியும் முடியாத கேள்வி ஒன்று உண்டு. ஒரு பொருளின் கூறுகள் பெரும்பாலோர் மனத்தில் ஒரே வரிசையில்தான் அமைகின்றன, அவ்வரிசை மொழிகளைக் கடந்தது என்று அரங்கநாதன் கருதினார். ‘முழுமைத் தொடரியல்’ எனத்தக்க இக்கருத்தை அவர் ஊகமாகவே முன்வைத்தார். பாடநூல்களோ அதை விதியாக்கிவிட்டன.

வேளாண்மையில் அவருடைய வரிசைப்படி முதலில் பயிர், பிறகு நோய், அதன் பிறகு தடுப்பு. ‘நெல்லின் நோய்க்குத் தடுப்பு’ என்று தமிழும் இதே வரிசையில்தான் சொல்லும். தெலுங்கும் உருதுவும் அவ்வாறே. பாரசீகத்திலும் அரபியிலும் தடுப்பு முதலில் வரும், நெல் கடைசியில் நிற்கும். சீர்காழியில் பிறந்த தமிழர் மனித மனத்தின் வரிசையைக் கண்டாரா, தாய்மொழியின் வரிசையைக் கண்டாரா? (ஆங்கிலம் இரு வழியிலும் சொல்லும் என்பதால் அதை மட்டும் சான்றாகக் கொண்டு தீர்ப்பளிக்க இயலாது.)

இதைச் சோதிக்க ஐதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் அரிது. அப்சல்கஞ்சில் உள்ள மாநில மத்திய நூலகத்தில் தெலுங்கு, உருது, பாரசீக, அரபி நூல்கள் ஒரே கட்டடத்தில் உள்ளன. உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் துறையும் மொழியியல் துறையும் உண்டு. அந்நான்கு மொழிகளையும் தாய்மொழியாகவோ பயின்ற மொழியாகவோ கொண்ட வாசகர்களிடம் ஒரே பொருளுக்குத் தலைப்பிடச் சொல்லி வரிசையைக் குறித்துக்கொள்வதே முதற்படி. நூலகர் தனித்துச் செய்தால் சொல்லின் இலக்கணம் நழுவும். மொழியியலார் தனித்துச் செய்தால் அலமாரியில் நூலைத் தேடுபவர் நழுவிவிடுவார்.