தண்டவாளம் போன பாதையில் நாய்களோடு இரண்டு நாள்

சிங்கப்பூரின் சைனாடவுனில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு, சனிக்கிழமை விடிந்தால் முதல் கவலை நாயை எதில் ஏற்றிப் போவது என்பதுதான். எம்ஆர்டியிலும் பொதுப் பேருந்திலும் நாய்க்கு இடமில்லை. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. செல்லப்பிராணிகளை ஏற்றும் டாக்சியைக் கூப்பிட்டால் தனிக் கட்டணம். சொந்தக் கார் எல்லாருக்கும் வாய்க்கிற ஊரும் இது இல்லை. மிஞ்சுவது நடைதான். நாயோடும் நான்கைந்து நண்பர்களோடும் மணிக்கணக்கில் நடக்க, சைனாடவுனிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் ஒரு பாதை இருக்கிறது. 1932 முதல் 2011 வரை மலாயாவுக்கு ரயில் ஓடிய பாதை அது. இன்று ரயில் காரிடார் என்று பெயர். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில், 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயிலைத் தாண்டி, நீல் ரோடு வழியாகக் கம்போங் பாரு ரோட்டுக்கு வந்தால் அரை மணி நேர நடை. காலை ஏழு மணிக்கு முன்பே இந்த வழியில் வருகிறவர்களின் பைகளைப் பார்த்தாலே எங்கே போகிறார்கள் என்று தெரிந்துவிடும்: நாய்க்கு மடக்குக் கிண்ணம், மனிதர்களுக்குப் புளிசாதப் பொட்டலம், இருவருக்கும் சேர்த்து ஏராளமான தண்ணீர். நாய்களில் பலவும் குட்டை இனங்கள்தாம். வீவக வீடு ஒன்றுக்கு ஒரு நாய், அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் 2012இல் தொடங்கிய ‘அடோர்’ திட்டம் உள்ளூர்க் கலப்பின நாய்களைத் தத்தெடுக்க வழி திறந்துவிட்டது. ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த நாய்கள், நீண்ட கால்களும் விறைத்த காதுகளுமாக முன்னால் இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பாதை அவற்றுக்கென்றே அமைந்தது போலிருக்கும்.

தென்முனை தஞ்சோங் பகார் ரயில் நிலையம். 1932 மே 2 அன்று ஆளுநர் சர் செசில் கிளெமென்டி திறந்து வைத்தார். முகப்பில் ஆஞ்சலோ வன்னெட்டி செய்த நான்கு பளிங்குச் சிற்பங்கள் நிற்கின்றன: வேளாண்மை, தொழில், வணிகம், போக்குவரத்து. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து. நான்கையும் சேர்த்தால் மலாய்க் கூட்டரசு ரயில்வேயின் சுருக்கப் பெயர். 2011இல் நிலையம் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. பிறகு சர்க்கிள் லைனின் கேண்டோன்மென்ட் நிலையத்துக்காக அதன் அடியில் மண்ணைத் தோண்டினார்கள். அந்த வேலை நடந்த ஆண்டுகளில், நடக்க வருகிறவர்கள் சற்றுத் தள்ளி ஸ்பூனர் ரோட்டிலிருந்து தொடங்கிப் பழகிவிட்டார்கள். ரயில்வேயின் முதல் பொது மேலாளர் சி.இ. ஸ்பூனரின் பெயர் கொண்ட இந்தச் சாலையில், மலாயன் ரயில்வே ஊழியர்களின் குடும்பங்கள் 2011 வரை வாழ்ந்த அடுக்குமாடிகள் இரண்டு இருக்கின்றன.

ஸ்பூனர் ரோட்டிலிருந்து வடக்கே திரும்பியதும் நாய்கள்தாம் முதலில் மாற்றத்தை உணர்கின்றன. நகரத்தில் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு சிக்னல், ஒரு நிறுத்தம், ஒரு ‘இரு, இரு’. இங்கே அது இல்லை. சாலைகள் பாதைக்கு மேலேயோ கீழேயோ போய்விடுகின்றன. இதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரின் முதல் ரயில் 1903இல் டேங்க் ரோட்டிலிருந்து கிளம்பியது. அங்கே செட்டியார்களின் தெண்டாயுதபாணி கோயில் அதற்கு முன்பே இருந்தது. அந்தப் பழைய தடம் ஊருக்குள்ளே சாலைகளை வெட்டிக்கொண்டு போனது. வண்டி வரும்போதெல்லாம் கதவை மூடித் தெருவை நிறுத்த வேண்டியிருந்தது. துறைமுகமும் எட்டத்தில் இருந்தது. அதனால்தான் புக்கிட் தீமாவிலிருந்து தஞ்சோங் பகாருக்குப் புதிய தடம் போட்டபோது, பாலங்கள் கட்டியும் மேடுகளைக் குடைந்தும் சாலைகளைத் தவிர்த்தார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது; ஆகவே ஏற்ற இறக்கமும் மிகக் குறைவு. இடுப்பு வலிக்கிற கிழ நாயும், முழங்கால் வலிக்கிற அதன் சொந்தக்காரரும் மூச்சு வாங்காமல் நடக்க முடிவது அந்தப் பொறியாளர்களின் புண்ணியம்.

பொறியாளர் வரைந்ததை மண்ணில் போட்டவர்கள், காத்தவர்கள் கூலிக்காரர்கள். அவர்களில் தமிழர் பலர். குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தின் ஓரத்தில் குடியிருந்த ரயில் தொழிலாளர்கள் 1930களில் முனீஸ்வரனுக்குச் சிறு குடில் ஒன்று எழுப்பினார்கள். எல்லையைக் காப்பவர், இரவில் வழிப்போக்கருக்குத் துணை வருபவர் என்று ஊரில் நம்பிய தெய்வத்தைத் தண்டவாள ஓரத்தில் குடிவைத்தது மிகப் பொருத்தமான செயல். சாலை விரிவாக்கத்தால் கோயில் இடம் மாறியது. 1998 முதல் கமன்வெல்த் டிரைவில், பாதையிலிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கிறது. ரயில் காரிடார் பற்றிய பேச்சில் கட்டடக் கலையும் பறவைகளும் அடிபடும் அளவுக்கு இந்தத் தொழிலாளர்கள் அடிபடுவதில்லை. அடிபட வேண்டும்.

டாங்ளின் ஹால்ட் வட்டாரத்தின் பெயரே ரயில் நின்ற இடத்திலிருந்து வந்ததுதான். அதைக் கடக்கும்போது மணி ஒன்பதை நெருங்கும். வெயில் கடுக்கத் தொடங்கும். அனுபவப்பட்டவர்கள் இங்கே ஒரு முறை குனிந்து, புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி அழுத்திப் பார்க்கிறார்கள். கை பொறுக்காத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது. ரயில் காரிடாரில் பெரும்பகுதி இறுகிய மண்ணும் பொடிக்கல்லும், இருபுறமும் புல்லும்; தார்ச்சாலையைப் போலக் கொதிக்காது. ஆனாலும் மூக்கு குட்டையான பக், பிரெஞ்சு புல்டாக் போன்றவற்றுக்கு மூச்சு விரைவில் திணறும். நாக்கு அகன்று வெளியே தொங்கி, நாய் நிழலைப் பார்த்து ஒதுங்கினால் அன்றைய நடை முடிந்தது என்று பொருள். இருபத்து நான்கு கிலோமீட்டரை ஒரே நாளில் முடிக்க நினைப்பது மனிதர்களின் ஆசை. அதில் நாய்க்குப் பங்கில்லை.

அதனால் சனிக்கிழமை நடை புக்கிட் தீமா ரயில் நிலையத்தோடு நிற்பதுதான் நல்லது. செங்கல் கட்டடம், கிராமத்து நிலையத்தின் அளவு, முன்னால் விரிந்த புல்வெளி. புதுப்பிக்கப்பட்டு 2022 ஜூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வண்டிகள் மோதாமல் இருக்க, 2011 வரை இங்கே டோக்கன் முறை இருந்தது. வட்டமான பெரிய வளையம் ஒன்று. அதன் கீழே ஒரு தோல் பை. பைக்குள் உலோகச் சாவி. அந்தச் சாவி கையில் இருக்கும் ஓட்டுநருக்கே அடுத்த பகுதிக்குள் நுழைய உரிமை. வண்டி நிலையத்தைக் கடக்கும்போது ஊழியர் வளையத்தைத் தூக்கிப் பிடிக்க, ஓட்டுநர் கையை நீட்டி அதைத் தோளோடு வாங்கிக்கொள்வார். பழைய வளையம் கீழே வந்து விழும். எம்ஆர்டி வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் இதே தீவில் ஒரு ரயில் இப்படிக் கைக்குக் கை மாறி ஓடிக்கொண்டிருந்தது.

புல்வெளியில் விரிப்பைப் போட்டதும் யாராவது ஒருவர் கேட்பார்: இங்கேயே கூடாரம் அடித்தால் என்ன? கூடாது. ரயில் காரிடாரில் இரவு தங்க அனுமதியில்லை. கூடாரம் போட வேண்டுமானால் ஈஸ்ட் கோஸ்ட் பார்க், பாசிர் ரிஸ் பார்க் போன்ற சில கடற்கரைப் பூங்காக்களில், குறிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும், தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிப் போட வேண்டும். வார இறுதியை முழுசாக அனுபவிக்க நினைக்கும் குழுக்கள் சனிக்கிழமை மாலை நாய்களை வண்டியில் ஏற்றி ஈஸ்ட் கோஸ்ட்டுக்குப் போகின்றன. 1966இல் தொடங்கிய கடல் நிரப்பலில் உருவான நிலம் அது. பார்க்லேண்ட் கிரீனில் நாய்கள் கயிறில்லாமல் ஓட வேலியிட்ட இடமும் உண்டு. பகலெல்லாம் கயிற்றில் நடந்த நாய்க்கு அந்த ஒரு மணி நேரம் பெரும் விடுதலை.

இரவில் கரி அடுப்பு மூட்டுவதற்கென்று கட்டி வைத்த குழிகள் இருக்கின்றன. அதற்கும் பதிவு வேண்டும். நாய் உள்ள கூட்டத்தில் கவனிக்க வேண்டியது நெருப்பைவிட சாத்தே குச்சியைத்தான். இறைச்சி வாசனை ஏறிய மூங்கில் குச்சியை நாய் கடித்து விழுங்கினால் குடலைக் குத்திவிடும். சுட்ட கோழி எலும்பும் ஊசியாக உடையும். குச்சிகளை எண்ணி எடுத்து எண்ணிப் போடும் நண்பர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் மற்றவர்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கலாம். பேச்சு அடங்கும்போது, களைத்த நாய்கள் கூடாரத்துக்குள் போகாமல் வாசலிலேயே, காற்று வரும் பக்கம் தலையை வைத்துப் படுத்துவிடும்.

ஞாயிறு காலை மீண்டும் புக்கிட் தீமா. நிலையத்தைத் தாண்டியதும் இரும்புச் சட்டப் பாலம், கீழே புக்கிட் தீமா ரோட்டின் இரைச்சல். சில நாய்கள் பாலத்தின் வாயில் நின்று நான்கு காலையும் ஊன்றிக்கொள்கின்றன. இழுத்தால் இன்னும் மிரளும். தைரியசாலி நாய் ஒன்றை முன்னால் விட்டால் மற்றவை பின்தொடரும். நண்பர்கள் கூட்டமாக வருவதன் லாபம் இது. பாலம் முடிந்ததும் காடு. வலப்பக்கம், 163 மீட்டர் உயரத்தில் தீவின் மிக உயர்ந்த இயற்கைக் குன்றான புக்கிட் தீமா. நிலையத்திலிருந்து ஹில்வியூ வரையான இந்த நான்கு கிலோமீட்டர்தான் முழுப் பாதையின் உயிர். குரங்குகள் பையையே பார்த்துக்கொண்டிருக்கும். காட்டுப்பன்றி, மலைப்பாம்பு உண்டு. இருவாச்சிப் பறவைகள் தலைக்கு மேல் இறக்கை அடித்துப் போகும். கயிறு இங்கே கட்டாயம் மட்டுமில்லை, காட்டு விலங்குகளுக்குக் காட்டும் மரியாதையும்கூட.

பாதையின் இந்தத் தொடர்ச்சி தானாகக் கிடைத்துவிடவில்லை. 2010இல் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்பாடு செய்தபோது, மலேசியாவின் ரயில் நிலங்கள் சிங்கப்பூர் கைக்கு வந்தன. மதிப்புமிக்க நிலம், துண்டு போட்டு விற்றிருக்கலாம். அந்த ஆண்டு அக்டோபரிலேயே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் முழுத் தடத்தையும் பசுமைப் பாதையாக விட்டுவைக்கக் கோரியது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிமே ஓட்டிச் சென்றார். மறுநாள் முதல் ஜூலை 17 வரை, தண்டவாளம் பெயர்க்கப்படுவதற்கு முன்பு, மக்கள் சாரி சாரியாக அதன்மேல் நடந்தார்கள். துண்டாகாத ஒரே தடம் என்பதுதான் இதன் மதிப்பு. வசதிக்காக இங்கே ஒரு கிலோமீட்டர், அங்கே ஒரு கிலோமீட்டர் என்று விட்டுக்கொடுத்தால், மீதி இருப்பது இன்னும் சில பூங்காக்களாக மட்டுமே இருக்கும்.

ரயில் மால் பக்கம் இரண்டாவது இரும்புப் பாலம். அங்கே காலைச் சாப்பாடு கிடைக்கும். அப்பர் புக்கிட் தீமா ரோட்டில்தான் பழைய ஃபோர்டு தொழிற்சாலை. 1942 பிப்ரவரி 15 அன்று, சீனப் புத்தாண்டின் முதல் நாளில், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்த இடம். அதே சாலையில் வடக்கே முருகன் மலைக் கோயிலும் உண்டு.

புக்கிட் பாஞ்சாங்கைத் தாண்டியதும் பாதையின் குணம் மாறுகிறது. இது 1903ஆம் ஆண்டுத் தடத்தின் வழி. மேம்பாலம் கட்டி ஒதுங்கும் யோசனை இல்லாத காலம். சுவா சூ காங் ரோடு, சுங்கை காடுட், கிராஞ்சி என்று பழைய ரயில் கேட்டுகள் இருந்த இடங்களில் சாலை குறுக்கே வருகிறது. நாய்கள் மறுபடியும் ‘இரு, இரு’ கேட்கின்றன. நிழலும் குறைவு. ஒருபுறம் கால்வாய், மறுபுறம் தொழிற்கூடங்கள். சிலருக்கு இந்தப் பகுதி அலுப்பாக இருக்கும். ஆனால் புல் உயர்ந்து, மோப்பம் பிடிக்க ஆயிரம் வாசனைகள் கிடக்கும் இந்தத் தடம், கூட்டமும் குறைவு என்பதால் நாய்களுக்கு விருப்பமானது என்றே தோன்றுகிறது.

நடை கிராஞ்சி எம்ஆர்டி அருகே முடிகிறது. தடம் மட்டும் உட்லண்ட்ஸ் நோக்கிப் போகிறது. அங்கிருந்து ஜொகூர் பாருவுக்கு 2015 ஜூலை முதல் ஓடும் ‘ஷட்டல் தெப்ராவ்’ ரயில் ஐந்து நிமிடத்தில் கடற்பாலத்தைக் கடந்துவிடும். கிராஞ்சி நிலையத்தின் வாசலில் மனிதர்களுக்கு அட்டையைத் தட்டினால் வீடு. நாயோடு வந்தவர்கள் வெளியே நின்று வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். மூடிய கூடையில் வைத்த சிறு நாயையாவது, கூட்டம் இல்லாத ஞாயிறு மதியத்தில், ரயிலில் ஏற விடலாம். டோக்கியோவிலும் லண்டனிலும் நடக்கிற காரியம்தான் அது. அதுவரை, கைப்பேசியில் வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று ஒருவர் பார்க்க, மற்றவர் மீதித் தண்ணீரை மடக்குக் கிண்ணத்தில் ஊற்ற, சேறு படிந்த எட்டுப் பத்துப் பாதங்களை இருக்கை அழுக்காகாமல் துடைக்கும் வேலை நிலைய வாசலில் நடந்துகொண்டிருக்கும்.