அட்டவணையில் இல்லாத வலசு

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமவாரித் தரவுகளைக் கையாள்வோர் முதலில் தெளிய வேண்டியது, அதில் 'கிராமம்' எனப்படுவது மக்கள் சேர்ந்து வாழும் ஊரைக் குறிப்பதன்று என்பதே. தமிழ்நாட்டில் அச்சொல் வருவாய்க் கிராமத்தைக் குறிக்கிறது. அதாவது, நிலவரிக்காக அளந்து எல்லை வகுக்கப்பட்டு, தனக்கெனக் கணக்கும் வரைபடமும் கொண்ட நிலப்பரப்பை. அதனுள் ஒரே ஊர் இருக்கலாம், பத்து ஊர்கள் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

இவ்வேறுபாட்டை அறியாமல் தேடலில் இறங்கிய ஒருவரின் பாட்டிவழி முன்னோர், தாராபுரம் வட்டத்து வலசு ஒன்றில் வாழ்ந்தவர்கள். கொங்குப் பகுதியில் சிறு குடியிருப்புகள் பலவற்றின் பெயர் 'வலசு' என்றே முடியும். 1876–78-இன் தாது வருடப் பஞ்சத்தில் அந்த வலசு அடியோடு அழிந்து போனது என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை. 1871-க்கும் 1881-க்கும் இடையே கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்தது உண்மையாதலால், கதைக்கு முகாந்திரம் இருந்தது. ஆயினும் மாவட்டத் தொகை ஒரு குடியிருப்பின் கதியைச் சொல்லாது என்பதால், அவர் கிராமவாரிப் பட்டியல்களை நாடினார்.

முதலில் எடுத்தது 2011-இன் முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கம். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்கக் குறியீட்டெண் தந்து, குடும்பங்கள், ஆண் பெண் தொகை, ஆறு வயது வரையிலான குழந்தைகள், எழுத்தறிந்தோர், தொழில்வகை ஆகியவற்றை ஒரே வரிசையில் வைக்கும் அட்டவணை அது. வலசின் பெயர் அதில் இல்லை. ஆங்கில எழுத்தில் அச்சாகும் தமிழ்ப் பெயர் பதிப்புக்குப் பதிப்பு உருமாறும் என்று கருதி, எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடியும் கிடைக்கவில்லை. பின்னோக்கிச் செல்வதோ எளிதாக இல்லை. தாராபுரத்துக் கிராமங்கள் 1951, 1961, 1971 ஆண்டுகளில் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டிலும், 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிந்ததால் 1981, 1991-இல் அதன் கையேட்டிலும், 2001-இல் ஈரோட்டின் பெயரிலும், 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானதால் 2011-இல் அதன் கீழும் வருகின்றன. நிலம் அசையவில்லை, அதைத் தேட வேண்டிய நூல்தான் நான்கு பெயர்களுக்கு மாறியது. இந்த ஏழு கணக்கெடுப்புகளிலும் வலசு இல்லை என்று கண்டதும், பஞ்சக்கதை மெய்ப்பிக்கப்பட்டதாகவே அவர் எழுதி வைத்தார்.

அந்த முடிவைக் குலைத்தவை அதே கையேடுகள்தாம். ஆளில்லாத கிராமங்களும் கணக்கெடுப்புப் பட்டியலில் குறியீட்டெண்ணோடு இடம்பெறுகின்றன. மக்கள்தொகைக்கு நேரே எதுவும் இராது, கிராமம் மட்டும் இருக்கும். அப்படியானால் காலியாகிப் போவது பட்டியலிலிருந்து நீங்கக் காரணமாகாது. இந்த ஐயத்தோடு பழைய குடும்பப் பத்திரங்களைப் புரட்டியபோது, எஞ்சிய புன்செயை 1934-இல் விற்ற கிரையப் பத்திரம் ஒன்றில், வலசின் பெயருக்கு முன்னால் 'மஜரா' என்ற சொல்லும் அதற்கும் முன்னால் வேறொரு கிராமத்தின் பெயரும் காணப்பட்டன. நான்கெல்லை விவரத்தில் பிறர் குடியிருந்த வீடுகள் குறிக்கப்பட்டிருந்தன. பஞ்சத்துக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே அடுப்பு எரிந்திருக்கிறது.

பத்திரத்தின் சொல்லை விளக்கியவர், பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்படும்வரை அப்பகுதியில் கர்ணமாக இருந்த முதியவர். வலசின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்ட மூன்று முறையும் அவர் விடை தர மறுத்தார். அது எந்தக் கிராமத்தின் மஜரா என்று கேட்ட பிறகே பேசினார். மஜரா, அல்லது உட்கடை, என்பது தாய்க்கிராமத்தின் கணக்கில் அடங்கிய குடியிருப்பு. அதற்குத் தனிக் கணக்கு என்றுமே இருந்ததில்லை. ஊர் என்பது வேறு, கிராமம் என்பது வேறு என்பதை விட்டுக்கொடுக்க அம்முதியவர் கடைசிவரை இணங்கவில்லை. அவர் பிடிவாதமே இத்தேடலின் திறவுகோலாயிற்று.

கணக்கெடுப்பாளர் வலசைக் காணத் தவறவுமில்லை. ஏறத்தாழ 600 பேரைக் கொண்ட கணக்கெடுப்புத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் வீடுகளையும் தெருக்களையும் கையால் வரைந்த கருத்தியல் வரைபடம் உண்டு. உட்கடைகள் அதில் இருக்கும். ஆனால் வெளியிடப்படும் அட்டவணை கிராமத்தோடு நின்றுவிடுகிறது. தனிமனிதர் பற்றிய பதிவேடுகளை எவரும் பார்வையிட முடியாதபடி 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு காக்கிறது. அந்தக் காப்பு தேவையானதே.

தேடலின் கேள்வி இவ்வாறு பஞ்சத்திலிருந்து அலகுக்கு மாறியது. 2011-இல் கேரளத்தில் 1,018 கிராமங்களே இருக்க, உத்தரப் பிரதேசத்தில் அவை ஒரு லட்சத்தைத் தாண்டுகின்றன. இரு மாநிலங்களையும் கிராமவாரியாக ஒரே படத்தில் வண்ணமிட்டால், தெரிவது மக்களின் வாழ்நிலையைவிட வருவாய்த்துறை எல்லை வகுத்த விதமே. தொகைக்குப் பதில் விகிதத்தை வரைவது ஓரளவு உதவும். அதிலும் எழுத்தறிவு ஏழு வயதிலிருந்தே கணக்கிடப்படுவதால், மொத்த மக்கள்தொகையிலிருந்து குழந்தைகளைக் கழித்த பின்னரே வகுக்க வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியப் பிறப்பு விகிதத்தை ஆராய்ந்தபோது, 70,000-க்கும் மேற்பட்ட கிராமங்களையும் நகரங்களையும் எல்லைகளாக அல்லாமல் புள்ளிகளாகவே வரைபடத்தில் பதித்தது.

அவரும் அவ்வழியே தாய்க்கிராமத்துக்கு ஒரு புள்ளி வைத்தார். எல்லையின் நடுவே மென்பொருள் தானாக இட்ட அப்புள்ளி, வீடு ஒன்றும் இல்லாத கொறங்காட்டில், அதாவது முள்வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது. ஆகவே பழைய நில அளவைத் தாளையும் முதியவரின் சொல்லையும் கொண்டு, ஒவ்வோர் உட்கடையையும் தனிப் புள்ளியாக அவர் இன்னொரு படலத்தில் குறித்து வருகிறார். வலசுக்குரிய வரிசையில் பெயரும் அமைவிடமும் இருக்கின்றன. மக்கள்தொகைக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக 'தாய்க்கிராமத்தில் அடக்கம்' என்று எழுதப்பட்டிருக்கிறது.